பெயரழிந்த ஒரு பருவம்

பழைய உதைபந்தாட்டப் புள்ளி அட்டவணைகளைப் புரட்டுவது எனது நெடுநாட் பழக்கம். அதனை வீண் பொழுதுபோக்கென நண்பர் நகைப்பர். அவற்றுள் என்னை அமைதிகொள்ள விடாதது, பல்கேரிய முதற்பிரிவு லீக்கின் 1984-85 ஆம் ஆண்டுப் பருவமாகும்.

அப்பருவத்தில் முதலிடம் பெற்றது சோபியா நகரின் லெவ்ஸ்கி-ஸ்பார்ட்டாக் கழகம். அது உள்நாட்டு அமைச்சைச் சார்ந்தது. அதன் பரம எதிரியான சி.எஸ்.கே.ஏ. இராணுவத்தின் கழகம். 1985 ஜூன் 19 இல் கிண்ண இறுதியாட்டத்தில் இவ்விரண்டும் மோதின. சி.எஸ்.கே.ஏ. 2-1 என வென்றது. ஆயின் ஆட்டம் கைகலப்பாயிற்று. கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு இரு கழகங்களையும் கலைத்தது. லெவ்ஸ்கியின் லீக் பட்டம் பறிக்கப்பட்டது. வீரர் சிலர்மீது ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது.

கலைக்கப்பட்டவை புதுப்பெயர் பூண்டு எழுந்தன. லெவ்ஸ்கிக்கு நகரையொட்டிய விற்றோஷா மலையின் பெயர். மற்றையதற்கு நகரின் பழம்பெயரான ஸ்ரெடெற்ஸ். துருக்கியராட்சியை எதிர்த்து 1873 இல் தூக்கிலேறிய வசில் லெவ்ஸ்கியின் பெயரை, ஆட்டக்காரர் குற்றத்துக்காக அகற்றியதை என் மனம் ஏற்க மறுக்கின்றது. அடித்தவனைத் தண்டிப்பது நியாயமே. ஆனால், பருவம் முழுதும் ஓடியாடி ஈட்டிய புள்ளிகள் யாரை அடித்தன? லீக் வேறு, கிண்ணம் வேறு அல்லவா?

பட்டம் பின்னாளில் மீண்டது, தடைகளும் தளர்ந்தன. தடையுண்டோருள் ஸ்ரொயிச்கோவ் இராணுவக் கழகத்தவர். மிகைலோவ் லெவ்ஸ்கியின் பந்துகாப்பாளர். 1994 இல் உலகக் கிண்ணத்தில் நான்காமிடம் பெற்ற பல்கேரிய அணியில் இருவரும் ஒருங்கே ஆடினர்.