கீழாநெல்லியும் ஓர் அமானிதமும்

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

காவிரியும் கொள்ளிடமும் அணைத்துக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தில், மழை ஓய்ந்ததும் வாழைத்தோப்பு ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் கீழாநெல்லி தானாகவே முளைத்து நிற்கும். விதைப்பவரும் இல்லை, நீர் பாய்ச்சுபவரும் இல்லை. ஏறக்குறைய ஒரு சாண் உயரச் செடி. இலைகளுக்குக் கீழே வரிசையாகத் தொங்கும் சிறு காய்களால் அதற்கு இப்பெயர் வந்தது. நாம் உண்ணும் நெல்லிக்கு இது நெருங்கிய உறவு.

நமக்குச் சிறு வயதில் மஞ்சள் காமாலை கண்டபோது, நன்னி இச்செடியை வேரோடு பறித்துக் கழுவி, நெல்லிக்காய் அளவு அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலந்து புகட்டினார். உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் வைத்தார். சில வாரங்களில் குணமானோம். அன்று முதல் அச்செடியின் மீது நமக்கிருந்த நம்பிக்கை, கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், நம்மிடம் ஓதிவந்த ஒன்பது வயதுச் சிறுவனின் தாயார் மதரஸா வாசலுக்கு வந்தார். “ஹஜ்ரத், பிள்ளைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. என்ன செய்யலாம்?” என்றார். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்ற சொல் நம் நாவில் வரவில்லை. ஸ்ரீரங்கம் சென்று, தெரிந்த விவசாயி ஒருவரின் வரப்பில் அனுமதி கேட்டு நின்றோம். “மருந்துக்குன்னா எதுக்கு பாய் கேக்குறீங்க? பறிச்சுக்கோங்க” என்றார் அப்பெரியவர். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பறித்து, நாமே அரைத்துக் கொடுத்தோம்.

ஆறு நாட்கள் அவ்வாறே சென்றன. ஆறாம் நாள் இரவு சிறுவன் இடைவிடாமல் வாந்தியெடுத்து, அழைத்தாலும் சரியாகப் பதில் சொல்லாத அளவுக்குச் சோர்ந்து போனான். அவன் அத்தா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். நாமும் பின்னால் ஓடினோம். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “இத்தனை நாள் ஏன் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை?” என்பதே. அந்தத் தாய் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஹஜ்ரத் துஆ செஞ்சு கொடுத்தாங்க டாக்டர்” என்றார், நம்மைக் காப்பாற்றும் குரலில். அக்குரல் இன்றும் நம் நெஞ்சை அறுக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ், சிறுவன் பிழைத்தான். அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ‘ஏ’ என்று பரிசோதனை காட்டியது. பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானாகவே நீங்கிவிடும். சிலருக்கே கடுமையாகும் என்று மருத்துவர் விளக்கினார். நம் சிறு வயதுக் காமாலையும் அவ்வாறே நீங்கியிருக்கலாம் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

காமாலை என்பது ஒரே நோயன்று. பல நோய்கள் காட்டும் ஓர் அடையாளம். நீரால் வருவதுண்டு, இரத்தத்தால் பரவுவதுண்டு, பித்தக்குழாய் அடைப்பால் வருவதுமுண்டு. கண்ணின் மஞ்சள் நிறம் மட்டும் காரணத்தைச் சொல்லாது.

கீழாநெல்லியை அறிவியல் புறக்கணித்துவிடவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் உள்ளிட்ட குழுவினர் 1988இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெபடைடிஸ் ‘பி’ கிருமியைச் சுமந்தவர்களுக்கு இச்செடியின் பொடியை 30 நாட்கள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகம் வியந்தது. ஆயினும் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அத்தகைய பலன் கிட்டவில்லை. நம்பிக்கைக்குரிய செடிதான், ஆனால் நாம் எண்ணியதுபோல் முடிந்த முடிவன்று.

மருத்துவத்தில் தேர்ச்சி அறியப்படாதவர் மருத்துவம் செய்தால், அதனால் நேரும் தீங்கிற்கு அவரே பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை, அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்த ஹதீஸை எத்தனையோ முறை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறோம். போலி வைத்தியர்களுக்குச் சொல்லப்பட்டதாகவே எண்ணி நடத்தினோம். அது நமக்கே சொல்லப்பட்டது என்பதை ஒரு குழந்தையின் படுக்கையருகே நின்று கற்றோம். மார்க்கம் கற்றவரிடம் மக்கள் வைக்கும் நம்பிக்கை ஓர் அமானிதம். அறியாத துறையில் “தெரியாது” என்று சொல்வதே அதைப் பேணும் வழி.

சிறுவனின் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்தார்கள்.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளையின் கண் மஞ்சளானால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மூலிகை கொடுக்க விரும்பினால், தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் கேளுங்கள். அதே தோற்றமுள்ள வேறு செடிகளும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் காமாலை கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பிறந்த 24 மணி நேரத்திற்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் ‘பி’ தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

வரப்போரச் செடியைப் படைத்தவனே, அதை ஆராயும் அறிவையும் படைத்தான். இரண்டிற்கும் நன்றி செலுத்துவோராக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.