கழற்ற ஒரு வாரம், பூட்ட?

அமெரிக்காவில் பழைய வண்டிகளை விற்கும் சிறு விளம்பரங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வகை விளம்பரம் நன்றாகப் பழகியிருக்கும். 1950ஆம் வருடத்து பிக்கப் டிரக். கேபின் தனியாக, சேசிஸ் தனியாக. மட்கார்டுகள் பரண் மேல். போல்ட், நட்டு எல்லாம் பத்துப் பன்னிரண்டு அட்டைப் பெட்டிகளில். கஷ்டமான வேலையெல்லாம் முடிந்துவிட்டது, பூட்டுவது மட்டும்தான் பாக்கி என்று கடைசி வரி சொல்லும். (கஷ்டமான வேலை முடிந்துவிட்டதென்றால் ஏனய்யா விற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை!)

துருப்பிடித்துச் செத்த வண்டிகளைவிட இப்படிப் பெட்டிக்குள் போய்ச் செத்த வண்டிகள்தான் அதிகமோ என்று சந்தேகம் வரும்.

வீட்டில் வைத்துச் சீரமைக்க ஆசைப்படுகிறவர்கள் விரும்பித் தேடுவதில் ஒன்று செவர்லே 3100. 1947 கோடையில் 'அட்வான்ஸ் டிசைன்' என்ற பெயரில் வந்து 1955 வரை ஓடிய வரிசை. உருண்டை மூக்கு, முகத்தில் ஐந்து படுக்கைக் கம்பிகள், பின்னால் சரக்குப் பெட்டிக்கு மரப்பலகைத் தரை. விவசாயியும் தச்சரும் கடைக்காரரும் வாங்கிய வேலை வண்டி. அதனாலேயே எல்லாம் எளிமை. பானெட்டைத் திறந்தால் இஞ்சினுக்கு இரண்டு பக்கமும் தரை தெரியும். கை நழுவிய ஸ்பானர் நேராக நிலத்தில் விழும். இன்றைய காரில் விழுந்த ஸ்பானரை எடுக்கத் தனியாக நாள் குறிக்க வேண்டும்.

எந்த வருடத்து வண்டி என்று கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. 1949 முதல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிற்கும். 1951ல் கதவில் முக்கோணக் காற்று ஜன்னல் வந்தது. 1952ல் திருப்பும் கைப்பிடி போய் பொத்தான் அழுத்தும் கைப்பிடி. 1954ல் முகமே மாறிவிட்டது. ஆனால் நடுவில் வந்த சொந்தக்காரர்கள் கிடைத்ததை எடுத்து மாட்டியிருப்பார்கள். 1948 வண்டியில் 1952 கதவு தொங்குவது சகஜம்.

சரி, ஒருவர் வாங்கி வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் திருவிழா. கழற்றுவதில் இருக்கும் சுகமே தனி. சாயங்காலமானால் தரையில் பாகங்கள் பரவிக்கிடக்கும், வேலை மளமளவென்று நடப்பது போல் இருக்கும். அதன் பிறகுதான் துரு கண்ணில் படும். கேபினின் பின் மூலைகள் இரண்டு, கதவுக்குக் கீழே ஓடும் படிப் பகுதி, தரைத் தகடு. மண்ணும் ஈரமும் உள்ளே தங்கும் இடங்கள் இவை. மேலே பளபளவென்று பெயிண்ட் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் சில இடங்களில் ஒட்டாது. அங்கெல்லாம் யாரோ பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்.

புதிய தகடு வாங்குவது பிரச்சினை இல்லை. இந்த வண்டிகளுக்கு மூலைத் தகடு முதல் முழுச் சரக்குப் பெட்டி வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மாட்டுவதில்தான் சூட்சுமம். உள்ளே குறுக்குக் கம்பிகளை வெல்ட் செய்து கேபினை இறுக்கிக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் கேபின் கொஞ்சம் தொய்ந்துவிடும். கொஞ்சம்தான், கண்ணுக்கே தெரியாது. எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகு கதவை மாட்டினால் மூடாது. பல வண்டிகள் நிரந்தரமாக ஓய்வெடுப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்த பஞ்சாயத்து இஞ்சின். ஆரம்பத்தில் இதில் வந்தது 216 கன அங்குலம், ஆறு சிலிண்டர், 90 குதிரைத்திறன். இதன் கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் அழுத்தத்தில் போவதில்லை, தெறித்து விழுவதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. பேரிங்கும் பாபிட் என்ற மெல்லிய உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்தது. மணிக்கு 45, 50 மைலில் நாள் முழுக்க ஓடும். நெடுஞ்சாலையில் விரட்டினால் தாங்காது. அதனால் பலர் 1954க்குப் பிறகு வந்த 235 கன அங்குல இஞ்சினை வைக்கிறார்கள். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட அதேதான், எண்ணெய் மட்டும் முழு அழுத்தத்தில் ஓடும். இன்னும் துணிந்தவர்கள் V8 வைப்பார்கள். அதற்கும் மேலே போகிறவர்கள் பழைய கேபினைத் தூக்கி எஸ்-10 பிக்கப்பின் சேசிஸ் மேல் உட்கார வைத்துவிடுவார்கள். அசல் பிரியர்களுக்கும் இவர்களுக்கும் ஆகவே ஆகாது. அந்தச் சண்டை தனிக்கதை. ஆனால் 216ஐ அப்படியே வைத்திருப்பவரும் 235க்கு மாறியவரும் அடுத்த மாதம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், சேசிஸ் மாற்றுகிறவர் அடுத்த வருடமும் வெல்டிங் கண்ணாடியோடுதான் நிற்பார்.

கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வண்டி விலை, தகடு, பெயிண்ட், டயர், குரோம் என்று கூட்டிக்கொண்டே போனால், விற்கும்போது அந்தத் தொகை திரும்பக் கிடைப்பது அபூர்வம். உழைத்த மணிநேரத்துக்குக் கூலி போட்டால் கேட்கவே வேண்டாம். கொட்டிய பணம் திரும்பாது, இனிமேல் செய்யும் செலவை மட்டும் யோசி என்பார் வாத்தியார். ஆனால் மனுஷ மனசு அப்படி இல்லை. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மொகான், டேன் ஏரியலி மூவரும் 2012ல் 'ஐக்கியா விளைவு' என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெட்டி பூட்டவும் காகிதம் மடிக்கவும் ஆட்களை விட்டுப் பார்த்ததில், தான் செய்த பொருளுக்கு ஆள் தாராளமாக விலை வைக்கிறான் என்று தெரிந்தது. இதுதான் எல்லாரும் மேற்கோள் காட்டும் பாதி. மீதிப் பாதியும் இருக்கிறது. செய்ததைப் பிரித்துப் போட்டுவிட்டாலோ, முடிக்காமல் விட்டாலோ அந்தப் பாசம் போய்விடுகிறது. கொட்டகையில் பாதியில் நிற்கும் டிரக்கைப் பார்க்கப் பிடிக்காமல் அதன் சொந்தக்காரர் தார்ப்பாய் போட்டு மூடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இதற்காகவே சில பழம் கைகள் வேறு வழி சொல்கிறார்கள். வண்டியை ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். அது முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. முதலில் பிரேக். ஏனென்றால் இந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே வழிதான். ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இரட்டை வழிச் சிலிண்டராக மாற்றிவிடலாம், வெளியே தெரியவும் தெரியாது. அசல் பிரியர்களும் இதில் மட்டும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. பழைய பிரேக் டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதக் கூடாது, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்கக் கூடாது. அடுத்து 6 வோல்ட் வயரிங். பிறகு டேங்க். முதுகுக்குப் பின்னாலேயே பெட்ரோல் இருப்பதால் கசிவு இருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். இப்படிச் செய்தால் பத்து வருடம் ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு ஓட்டிப் போகலாம்.

பெயிண்ட் கடைசி. அதுவும் அவசரப்படக் கூடாது. இந்த டிரக்குகளின் கதவில் ஏதாவது ஒரு கடையின் பெயர், கையால் எழுதியது, பாதி மறைந்து கிடக்கும். கடை மூடி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். இப்போது அதன் மேலேயே நிறமில்லாத கோட்டிங் அடித்து அப்படியே காப்பாற்றுகிறார்கள். (புதுக் கதவில் பழைய எழுத்தை வரைந்து, தேய்த்து, பழசாக்கி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கலிகாலம்!)

பெட்டியில் போன வண்டிக்கும் எப்போதாவது ஒருவர் வருவார். பேரம் பேசி, டிரெய்லரில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து அட்டைப் பெட்டிகளைத் திறப்பார். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள். முன்பின் தெரியாத ஒருவரின் கையெழுத்தில் 'இடது கதவு, மேல் கீல்', 'ரேடியேட்டர் பிடி', 'வலது மட்கார்டு' என்று வரிசையாக ஒட்டியிருக்கும். அடியில் எல்லாவற்றையும்விடப் பெரிய பை ஒன்று. அதன் மேல் ஒரே ஒரு கேள்விக்குறி.