பந்தயத்தின் ஐந்து நிமிடங்களும் அதற்குப் பின்வரும் ஐந்து நிமிடங்களும்

ரேடியோ விசையால் ஓடும் சிறிய கார்களைக் கண்டால், "பொம்மைக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்போர் நம் சமுதாயத்தில் பலர். கேள்வி நியாயமானதே. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் அதைக் கேட்கத்தான் வேண்டும். 14 வயது மகனோடு இரண்டு ஆண்டுகளாகக் கோலாலம்பூரின் பந்தயத் தடங்களுக்குச் சென்று வரும் பெற்றோர் என்ற முறையில், நாங்கள் கண்ட விடையை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

இவற்றில் 'டூரிங் கார்' என்பது சாலையில் ஓடும் காரைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. அகலம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். மின்மோட்டாரின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும். புதியவர்கள் பலர் தொடங்குவது ஜப்பானின் தமியா நிறுவனத்தார் தயாரிக்கும் டிடி-02 வகையில்தான். பெட்டியைத் திறந்தால் கார் இராது. உதிரிப் பாகங்களும் விளக்கப் புத்தகமும் இருக்கும். ரிமோட், ரிசீவர், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றைத் தனியே வாங்க வேண்டும். ஆதலால் பெட்டியின் விலையை மட்டும் பார்த்துச் சம்மதிக்கும் பெற்றோர் பின்னர் திகைப்பர். நாங்கள் முழுக் கணக்கையும் முதலிலேயே தாளில் எழுதினோம். பாதியை மகன் தன் பெருநாள் காசிலிருந்து தந்தான். ரிமோட்டை மூத்த பந்தயக்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கினோம். பழைய பாகம் தேயும் வரை புதியது இல்லை என்பது வீட்டு விதி. அதற்கு ஒரே விலக்கு, பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதிலாகப் போட்ட பால் பேரிங்குகள். செலவு சிறிது, பயன் பெரிது.

வேகமான மோட்டார் வாங்கித் தரும்படி பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் பணத்தால் வேகத்தை வாங்கிவிடாமல் தடுக்கவே பந்தயங்களில் பிரிவுகள் உண்டு. மோட்டாரின் கம்பிச் சுற்று எண்ணிக்கையைக் கொண்டு 21.5, 17.5, 13.5 எனப் பிரிப்பார்கள். சுற்று குறையக் குறைய வேகம் கூடும். இதை மகனுக்கு விளக்கும்போது எங்களுக்கு நினைவு வந்தது, ஸஹீஹுல் புகாரியில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் குதிரைப் பந்தயச் செய்தி. நபி (ஸல்) அவர்கள் பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு அல்ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் எனத் தனித்தனியே எல்லை வகுத்தார்கள். சமமானவர்கள் சமமானவர்களோடு ஓடுவதே பந்தயத்தின் நீதி.

பந்தயம் ஐந்து நிமிடம். பராமரிப்புக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் வேண்டும். அச்சில் சுற்றிய நூலையும் முடியையும் அகற்ற வேண்டும். அதிர்வுதாங்கிகளில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டாரின் இடத்தை நகர்த்த இயலும் கார்களில், இரண்டு பல்சக்கரங்களுக்கிடையே மெல்லிய தாளை வைத்து இறுக்கிப் பின் தாளை உருவினால் சரியான இடைவெளி கிடைக்கும். லித்தியம் பாலிமர் பேட்டரியில் மட்டும் அலட்சியம் ஆகாது. 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 5 ஆம்பியரில் சார்ஜ் செய்கிறோம். தீத்தடுப்புப் பையில் வைத்து, அருகில் ஆள் இருக்கும்போது மட்டும். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் நிறைவு. பந்தயமில்லா நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வைக்கிறோம். படுக்கப் போகும் முன் சார்ஜரின் இணைப்பைத் துண்டிப்பது மகனின் பொறுப்பு.

ஒரு சனிக்கிழமை, பந்தயம் முடிந்தபின் சிலர் தலைக்கு 20 ரிங்கிட் போட்டு, வென்றவர் மொத்தத்தையும் எடுப்பது என்று ஓர் ஓட்டம் வைத்தனர். மகன் எங்களைப் பார்த்தான். வெல்லக்கூடிய ஓட்டம் அது. தடத்தின் வாடகைக்கும் மின்சாரத்திற்கும் செலுத்தும் கட்டணம் வேறு. போட்டியாளர் எல்லோரும் பணயம் வைத்து ஒருவர் அள்ளிச் செல்வது வேறு, அது சூது என்று சொன்னோம். வெளியாள் ஒருவர் அன்பளிப்பாகத் தரும் கோப்பை சூதாகாது என்பதையும் சொன்னோம். அவன் காரைப் பையில் வைத்தான். வழி நெடுகப் பேசவில்லை. வெல்லக்கூடியதை விட்டுக்கொடுத்த பிள்ளையின் மௌனத்தை அறிவுரையால் நிரப்பாமல் நாங்களும் அமைதி காத்தோம்.

எனினும் இவ்விளையாட்டில் எங்கள் மனத்தைத் தொட்டது இன்னொரு வழக்கம். தன் ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அடுத்த ஓட்டத்திற்கு 'மார்ஷல்' ஆகத் தடத்தின் வளைவில் நிற்க வேண்டும். கவிழும் கார்களை நிமிர்த்தி விடுவதே பணி. வென்றவரும் தோற்றவரும் அதற்குச் சென்றே ஆக வேண்டும். வேறொருவரை நிறுத்தாமல் போனால் தண்டனை உண்டு. கோபம் ஆற அவகாசம் இல்லை.

ஒரு முறை மகன் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருக்கையில் ஓர் இளைஞரின் கார் பின்னாலிருந்து மோதியது. அவன் ஐந்தாமிடத்திற்குப் போனான். அந்த இளைஞர் இரண்டு பிரிவுகளில் பங்கேற்பவர். அடுத்த ஓட்டத்தில் அவருடைய மற்றொரு கார், எங்கள் மகன் நின்ற வளைவிலேயே கவிழ்ந்தது. அவன் ஓடினான், நிமிர்த்தினான், திசை பார்த்து வைத்தான், விலகி நின்றான். இரவில் உணவின்போது சொன்னான்: "ஒரு நொடி தாமதிக்கலாம்னு தோணிச்சு அத்தா. ஆனா கை முந்திக்கிச்சு."

மனத்தை முந்திய அந்தக் கை ஒரே நாளில் வந்ததன்று. பல வாரங்கள் முன்பின் அறியாதோரின் கார்களை நிமிர்த்திப் பழகியதால் வந்தது. மத்ரஸாவில் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம். பாடம் கைக்கு இறங்க இத்தகைய களங்களும் தேவைப்படுகின்றன.

ஆகவே உங்கள் பிள்ளைகள் இதைக் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே வாங்கித் தரவும் வேண்டாம். முழுச் செலவையும் அவர்களோடு அமர்ந்து எழுதுங்கள். தொழுகை நேரங்களுக்கு இடம் தரும் தடமா, பணயம் இல்லாத பந்தயமா என்று விசாரியுங்கள். பின்பு ஒரு நாள் வாங்காமலேயே சென்று பாருங்கள். அப்போது யார் வெல்கிறார் என்பதைவிட, ஓட்டம் முடிந்தபின் பிள்ளைகள் வளைவில் எப்படி நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் பிள்ளைகளின் கைகளை நன்மைக்கு முந்தும் கைகளாக வல்ல அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.