மூன்று கார், ஒரு சந்து

மர்பி டவுனில் எங்கள் சந்தில் ஒரு கார் நின்றால் இன்னொன்று போக முடியாது. என்னிடமோ மூன்று. அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி, மாமா விட்டுப்போன 1991 அம்பாசடர், நான் வாங்கிய 1996 மாருதி 800. முதல் இரண்டும் அல்சூர் பக்கம் வாடகை ஷெட்டில் கிடந்தன.

ஓடாத காரும் செலவு வைக்கும். பேட்டரி இறங்கும்; கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும். மூன்றுக்கும் பதிவைப் புதுப்பிக்கும் கெடு 2026-இல் வந்தது. இருபது வயது தாண்டிய கார்களுக்கான கட்டணத்தை 2025 ஆகஸ்டில்தான் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கியிருந்தார்கள். ஆக 30,000. "ஒண்ணை மட்டும் வெச்சுக்கோங்கப்பா" என்றாள் மகள்.

அம்பாசடர் சுலபமாகப் போனது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுபவர் வந்து வாங்கிக்கொண்டார். மிச்சம் இரண்டு.

புத்தி மாருதியைத்தான் சொன்னது. 2014 வரை தயாரான வண்டி. ஜே.சி. ரோடு போனால் உதிரி பாகம் வாங்கி வந்துவிடலாம். பத்மினிக்கு அப்படியில்லை. ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும் அந்த கியரைப் பழுதுபார்க்க எனக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக்குக்கு எழுபது வயது. அவர் கடையை மூடினால் அது வெறும் தகரம்.

பத்மினியை விற்கப்போவதாக அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கண் மங்கி அவர் ஓட்டுவதை நிறுத்தி வெகுகாலம். ஞாயிறுதோறும் ஷெட்டுக்குப் போய்த் துடைத்துவிட்டு வருவார்.

"வித்துடுப்பா. முதல்ல பிரேக்கைச் சரி பண்ணு. வாங்கறவன் வீட்டுலயும் குழந்தைங்க இருக்கும்."

பிரேக் சரியாக வந்த அன்று, சோதித்துப் பார்க்கலாமே என்று அப்பாவை ஏற்றிக்கொண்டு சோமேஸ்வரர் கோயில்வரை போனேன். வழியெல்லாம் எந்த இடத்தில் கியர் மாற்ற வேண்டுமென்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் மாருதியை விற்றேன்.