விசாரிக்காமல் நிறுத்திய ஒன்று



நாம் பாடம் நடத்தும் மதரஸாவில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தந்த பணத்தில் வாங்கியது. பிள்ளைகளின் வருகை, ஹிஃப்ழுப் பாடம் எந்த ஜுஸ்வில் நிற்கிறது என்ற குறிப்பு, மாதக் கட்டணக் கணக்கு ஆகிய மூன்றையும் அதில்தான் எழுதி வந்தோம். அது வந்த பிறகு ரசீதுப் புத்தகத்தையும் நிறுத்திவிட்டோம்.

சென்ற ஆண்டு அந்தக் கணினி மிகவும் மந்தமாகிவிட்டது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால், பதிவேடு திறப்பதற்குள் பிள்ளைகள் ஒரு பக்கத்தை ஓதி முடித்திருப்பார்கள். கல்லூரியில் படிக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு நாள் வந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியில் 17 பெயர்கள் இருந்தன. விண்டோஸ் எழும்போதே இவையும் தாமாக எழுந்துகொள்கின்றன என்று விளக்கினார். ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் பாரம் அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று எழுதியிருந்தது. தொடங்கும்போது பிராசஸரின் நேரத்தில் 1 விநாடிக்கு மேலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேலோ எடுத்துக்கொள்வதுதான் 'அதிகம்' என்ற வகையில் வருகிறது.

"உஸ்தாத், இவற்றில் பாதி கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருந்தவை. ஒவ்வொன்றாக விசாரித்து, தேவையற்றதை டிஸேபிள் செய்யுங்கள். என்னவென்று தெரியாததைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் விடைபெற்றார்.

நாம் விசாரிக்கவில்லை. அன்றிரவே ஒரே அமர்வில் 11 பெயர்களை நிறுத்தினோம். பெயர் புரியாதவை, ஆங்கிலத்தில் நீளமாக இருந்தவை, நாம் ஒருபோதும் திறந்து பாராதவை எல்லாம் வீணானவை என்றே எண்ணினோம். மறுநாள் கணினி விரைவாக எழுந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அதனுடன் நம் கெட்டிக்காரத்தனத்தைக் குறித்தும் உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ந்துகொண்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலையே ஓர் எச்சரிக்கை கிடைத்தது. தேர்வு வினாத்தாளைத் தட்டச்சு செய்ய அமர்ந்தபோது தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்துகளே விழுந்தன. நாம் நிறுத்தியவற்றுள் தமிழ் தட்டச்சுக்கான என்எச்எம் ரைட்டரும் இருந்திருக்கிறது. அதைக் கையால் திறந்து வேலையை முடித்தோம். மற்ற பத்தும் என்னென்ன என்று அப்போதாவது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

23 நாட்கள் கழித்து ஒரு காலையில் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் செயலிழந்தது. நிர்வாகக் குழுவின் செயலாளரிடம், "அஞ்ச வேண்டாம், எல்லாம் ஒன்டிரைவ் வழியாக இணையத்திலும் சேமிப்பாகிறது" என்று உறுதியாகச் சொன்னோம். வேறொரு கணினியில் திறந்து பார்த்தபோது, கடைசியாகப் பதிவான தேதி நாம் அந்தப் பட்டியலைத் திருத்திய நாளாக இருந்தது. நாம் திறந்து பாராத பெயர்களுள் ஒன்றுதான் ஒன்டிரைவ். நாம் பார்க்கத் தேவையின்றியே அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

31 குடும்பங்களின் அம்மாதக் கட்டணக் கணக்கு போய்விட்டது. பணம் பெட்டியில் இருந்தது. யார் எவ்வளவு தந்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. அது அமானிதம். வெள்ளிக்கிழமை பெற்றோர்களை அழைத்து, "பழுது இயந்திரத்தில் ஏற்பட்டது, ஆனால் தவறு நம்முடையது" என்று சொன்னோம். ஆசிரியராக இத்தனை ஆண்டுகள் இருந்தும், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நமக்குக் கடினமாகத்தான் இருந்தது.

யாரும் கடிந்துகொள்ளவில்லை. தையல் வேலை செய்யும் ஒரு தாய், நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தான் கட்டிய தொகையையும் மகனின் அன்றாட ஸபக்கையும் எழுதி வைத்திருந்ததைக் கொண்டுவந்து தந்தார். இரண்டு குடும்பத்தார், "நாங்கள் இந்த மாதம் இன்னும் கட்டவில்லை, ஹஜ்ரத்" என்று தாமாகவே முன்வந்து சொன்னார்கள். அவர்கள் சொல்லாதிருந்தால் நமக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மற்றவர்களின் சொல்லை அப்படியே ஏற்று எழுதினோம். கூட்டிப் பார்த்தபோது பெட்டியில் இருந்த தொகையோடு கணக்கு ஒத்துவந்தது.

புதிய டிஸ்க் பொருத்திய பின், அந்தப் பழைய மாணவரை அருகில் வைத்துக்கொண்டு மறுபடியும் பட்டியலைத் திறந்தோம். இம்முறை ஒவ்வொரு பெயரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: நாம் திறக்காதபோதும் இதற்கு வேலை இருக்கிறதா?

பாட்டு, காணொளிச் சந்திப்பு, அரட்டை, விளையாட்டுக் கடை, பிரிண்டர் நிறுவனத்தின் அறிவிப்புகள் போன்றவற்றுக்கு இல்லை. வேண்டும்போது திறந்தால் போதும், அவற்றை நிறுத்தினோம். சேமிப்புப் பிரதி எடுப்பது, தமிழ் தட்டச்சு, டச்பேடுக்குரியது ஆகியவற்றுக்கு இருக்கிறது, விட்டுவைத்தோம். தவணை முடிந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தது. அதை இந்தப் பட்டியலில் நிறுத்துவதோடு விடாமல், செட்டிங்ஸ் சென்று முழுமையாக நீக்கினோம். நீக்கியபின் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பே பொறுப்பேற்றுக்கொண்டது.

டிஸேபிள் செய்வது அழிப்பதன்று என்பதையும் அன்றுதான் தெளிவாகப் புரிந்துகொண்டோம். எப்போது வேண்டுமானாலும் எனேபிள் செய்யலாம். ஆனால் தீங்கானதற்கு அது போதாது. லெனோவோ நிறுவனம் சில மடிக்கணினிகளில் முன்கூட்டியே பதித்து விற்ற சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் பற்றி 2015 பிப்ரவரியில் தெரியவந்தது. பாதுகாப்பான இணையதளத் தொடர்புகளுக்குள்ளும் புகுவதற்காக அது தன் சான்றிதழ் ஒன்றைக் கணினியில் பதித்திருந்தது. மென்பொருளை நீக்கிய பிறகும் அந்தச் சான்றிதழைத் தனியாக நீக்க வேண்டியிருந்தது. எனவே, கடையிலிருந்து வந்தது என்பதற்காக எல்லாவற்றையும் நம்பவும் முடியாது. நமக்குப் புரியவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளவும் முடியாது. வெளியிட்டவர் பெயரைப் பார்த்து, தேடிப் படித்து, தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது நாளொன்றுக்கு ஒன்றைத்தான் நிறுத்துகிறோம். நிறுத்திய பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, ஒரு வாரம் கவனித்த பிறகே விட்டுவிடுகிறோம். கணினி எழுவதற்கு முன்பைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது. அதற்குள் பிள்ளைகள் இரண்டு மூன்று வரிகள் ஓதிவிடுகிறார்கள். ரசீதுப் புத்தகத்தையும் மீண்டும் எடுத்துவிட்டோம். முதல் ரசீதை அந்தத் தையல்காரத் தாய்க்குத்தான் எழுதிக் கொடுத்தோம். அவர் அதை வாங்கிக்கொண்டு, தம் நாட்காட்டித் தாளிலும் எழுதிக்கொண்டார்.