மாரிகுப்பம்: ரயில் இல்லாத நேரத்துக்கு ஒரு கார்

மாரிகுப்பத்தோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. பங்காரப்பேட்டையில் பிரிந்து, கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வரும் 16 கி.மீ. கிளைப் பாதையின் கடைசி நிலையம் இது. 1894-ல் தங்கச் சுரங்கங்களுக்காகப் போட்ட பாதை. 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, ஊரையே காப்பாற்றியது இந்தப் பாதைதான். விடியுமுன் டிபன் கேரியரோடு நிலையத்துக்கு நடப்பவர்களைப் பார்த்தால் இது புரியும். பெங்களூரில் கட்டட வேலை, காவலாளி வேலை, கம்பெனி வேலை என்று ஆயிரக்கணக்கானோர் தினமும் போய்த் திரும்புகிறார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்கு, கார் வாங்க யோசனை சொல்வதற்காகப் போயிருந்தேன். அழைத்தவர் என் பெரியப்பா மகன். பதினைந்து வருடம் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். மூடிய பிறகு இருபது வருடத்துக்கு மேல் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. கையில் இருப்பது நாலரை லட்சம் ரூபாய். ஆயுள் சேமிப்பு என்று சொல்லக்கூடியது அதுதான்.

அவர் வீடு பழைய சுரங்க லைனில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் செடிகூடச் சரியாக முளைக்காத சயனைடு மண் மேடு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் தாத்தாக்கள் வந்து சேர்ந்த லைன்கள் இவை. பேச்சு இன்னும் தமிழ்தான். வண்டிகளின் எண் மட்டும் கே.ஏ. 08.

“மைலேஜ் எவ்வளவு குடுக்கும், அதைச் சொல்லு தம்பி” என்று ஆரம்பித்தார் அண்ணன். எல்லோரும் முதலில் கேட்கும் கேள்விதான். ஆனால் இந்த வீட்டைப் பொறுத்தவரை கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். காரிலேயே போய் வந்தால் என்ன என்பது அவன் ஆசை. ஒரு வழிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. மாதம் 26 நாள் என்றால் 5,200 கி.மீ. லிட்டருக்கு 20 கி.மீ. ஓடினாலும் 260 லிட்டர் வேண்டும். லிட்டர் 103 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்கே 26,780 ரூபாய். ரயிலின் மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடுகிறது. எந்தக் காரும் இந்த ரயிலோடு போட்டி போட முடியாது.

அப்படியானால் கார் எதற்கு? அண்ணி பதில் சொன்னார். கடந்த வருடம் ஒரு நள்ளிரவில் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. சுரங்கத் தூசியின் மிச்சம். ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் ரயிலும் இல்லை. இது போக, குடியாத்தத்தில் உறவினர் வீட்டு விசேஷங்கள், ராபர்ட்சன்பேட்டை சந்தை. மொத்தம் மாதம் 400 கி.மீ. தாண்டாது.

இப்போது கணக்கு வேறாகிறது. லிட்டருக்கு 18 கி.மீ. தரும் வண்டிக்கும் 22 கி.மீ. தரும் வண்டிக்கும் மாதத்துக்கு நாலு லிட்டர்தான் வித்தியாசம். சுமார் 400 ரூபாய். சி.என்.ஜி. வண்டிக்கு 90 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், இந்த ஓட்டத்தில் அந்தப் பணம் திரும்ப ஒன்பது பத்து வருடம் ஆகும். பின்னால் சாமான் வைக்கும் இடத்தையும் சிலிண்டர் அடைத்துக்கொள்ளும். அதிகம் ஓடுபவர்களுக்குத்தான் அது லாபம்.

ஏழைக்கு எட்டும் கார் என்ற கனவு நம் நாட்டில் பழையது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது விலை 47,500 ரூபாய். 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. 2009-ல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று வந்த டாடா நானோவுக்கு நீளம் 3.1 மீட்டர்தான், லைன் சந்துகளுக்கென்றே செய்ததுபோல. அதுவும் 2018-ல் நின்றுபோனது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் ஷோரூம் ஆரம்ப விலைகள் இறங்கின: எஸ்-பிரெஸ்ஸோ சுமார் 3.50 லட்சம், ஆல்டோ கே10 3.70, ரெனோ க்விட் 4.30, டாடா டியாகோ 4.57, செலேரியோ 4.70.

இது வெறும் ஆரம்ப விலை. கர்நாடகத்தில் ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதன்மேல் செஸ், இன்சூரன்ஸ். ஆல்டோ வீடு வந்து சேரும்போது நாலரை லட்சத்தை ஒட்டிவிடும். செலேரியோவும் டியாகோவும் ஐந்தரை லட்சத்தை நெருங்கும் அல்லது தாண்டும். அந்த ஆரம்ப விலைக்கு ஏ.சி. உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாணியம்பாடிப் பக்கம் பழைய கார் மலிவு என்று ஓடினால், தமிழ்நாட்டு எண் வண்டியைக் கர்நாடகத்துக்கு மாற்றும்போது இங்கும் வரி கட்ட வேண்டியிருக்கும்.

சந்து முனையில் டேப் வைத்து அளந்தோம். ஒரு பக்கம் சாக்கடை, மறு பக்கம் மின்கம்பம். ஆல்டோவின் அகலம் 149 செ.மீ. டியாகோ 168. அந்த 19 செ.மீட்டரில்தான் ஓட்டுபவனின் நிம்மதி இருக்கிறது. சாமான் இடத்தில் நிலைமை தலைகீழ்: ஆல்டோ 214 லிட்டர், டியாகோ 242, க்விட் 279, செலேரியோ 313. ஆக்ஸிஜன் சிலிண்டரும் இரண்டு பைகளும் என்றால் செலேரியோவில் தாராளம், ஆல்டோவில் நெருக்கம்.

பாதுகாப்பை மகன் கிளப்பினான். 2024 டிசம்பரில் பெங்களூர்-சென்னை அதிவேகச் சாலையின் கர்நாடகப் பகுதி, ஒசகோட்டை முதல் பேத்தமங்கலம் வரை சுமார் 70 கி.மீ., வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. தங்கவயல் இளைஞர்களுக்கு அது பெரிய சபலம். குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் 2020-ல் டியாகோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆல்டோ கே10 2023-ல் இரண்டு. க்விட் 2016-ல் முதல் சோதனையில் பூஜ்யம். 2025-ல் ஆல்டோவின் எல்லா மாடல்களுக்கும் ஆறு ஏர்பேக் கொடுக்கப்பட்டது. ஆனால் ஏர்பேக்கின் எண்ணிக்கை உடற்கட்டின் பலம் ஆகிவிடாது. அதிவேகச் சாலையில் அடிக்கடி ஓடுவதென்றால் டியாகோதான் என்றேன். பேரணாம்பட்டு மலைப்பாதையில் நாலு பேரோடு ஏறவும் அதன் 1,199 சி.சி. எஞ்சின் சிரமப்படாது. ஒரு லட்சம் கடன் வாங்கினால் போதும். ஐந்து வருடத்துக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் தவணை.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “மைன்ஸ் மூடின மாசம் எனக்குக் கடன் இருந்துச்சு தம்பி. சம்பளம் நின்னுச்சு, தவணை நிக்கல. மறுபடியும் வேணாம்.”

அதற்கு மேல் நட்சத்திரக் கணக்குப் பேச எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் ஷோரூமுக்குப் போனோம். மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தான். அண்ணன் பின் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, முழங்கால் முன் சீட்டில் இடிக்க ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போவதானால் அந்த இடத்தில்தானே போகப் போகிறார். இறங்கி வந்து “போதும்” என்றார்.

ஆல்டோவுக்கு முன்பணம் கட்டியாயிற்று, இரண்டு நிபந்தனைகளோடு. கடன் கிடையாது. மகன் அதிவேகச் சாலைக்கு அதை எடுத்துப் போகக் கூடாது. மாதம் இவ்வளவு ஓடும், இன்னாருக்காக ஓடும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு கார் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவது குறைவு என்பது நான் அங்கே கற்ற பாடம். டியாகோவையே வாங்கியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. ஆனால் 2001-ஐ மாரிகுப்பத்தில் இருந்து பார்த்தவன் நான் இல்லை.

நான் கிளம்பிய அன்று விடியுமுன் மகனும் என்னோடு நிலையத்துக்கு நடந்தான். அவன் பையில் டிபன் கேரியரும் சீசன் டிக்கெட்டும் இருந்தன.