மோட்டாருக்கு ஒரு ரேடியோ

2004 டிசம்பரில் கடல் பொங்கி, அந்தமானில் டெலிபோன்கள் செயலற்றபோது, போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியவர்கள் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். லைசென்ஸ் பெற்றதும், என் மோட்டாரிலும் ஒரு கருவி வைக்க ஆசை கொண்டேன்.

கடைக்காரர் சகல அலைகளிலும் பேசும் பெருங்கருவியைக் காட்டினார். அத்தனை அலைக்கும் ஏற்ற ஏரியலை எங்கே நிறுத்துவது? 5 வாட் கைக்கருவியோ, வண்டியின் இரும்புக் கூட்டுக்குள் குரல் அடைபட்டுத் தவிக்கும். ஆகவே இரண்டு மீட்டர் அலைக்கு மட்டுமான 50 வாட் கருவியை வாங்கி, மிச்சப் பணத்தைக் கூரை நடுவே நிற்கும் அரை மீட்டர் ஏரியலுக்குச் செலவிட்டேன். பேசும்போது அது 10 ஆம்பியர் வரை உறிஞ்சுமாதலால், சிகரெட் கொளுத்தும் துவாரத்தை நம்பாமல் பாட்டரியிலிருந்தே பியூஸுடன் கம்பி இழுத்தாயிற்று.

செல்போன் மௌனம் சாதித்த மலைப்பாதையில், ஒரு மாலை, முதல் பதில் வந்தது.

"யார் அவர்?" என்றாள் மனைவி.

"தெரியாது" என்றேன்.